வலப்பக்கம் துடித்த நெஞ்சு

சூடு வைப்பது என்றால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பிள்ளை நீலம் பூத்தாலும் சூடு, பால் கக்கினாலும் சூடு. வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலைக்கு டாக்டராகப் போன நான், அந்தத் தழும்பில்லாத நெஞ்சைப் பார்த்ததே குறைவு.

அந்த மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இடப்பக்கம் நெஞ்சே துடிக்கவில்லை என்று நான் இருந்த செம்மேட்டுக்கு ஆள் வந்தது. ஓடினேன். அங்கே தகப்பன் சூடு வைக்க மஞ்சள் கிழங்கை அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தான். தாய் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், அதக் கீழ போடுய்யா!"

"நெஞ்சு தூங்குதுங்க டாக்டரம்மா. சூடு வெச்சாத்தான் முழிக்குமுங்க."

"உம் புள்ள கத்துற கத்துல மலையே முழிச்சிருக்கு. நெஞ்சு மட்டும் தூங்குதாக்கும்?"

ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தேன். எங்கோ தொலைவில் கேட்பது போல லேசான சத்தம். அவன் சொன்னது பொய்யில்லை. வலப்பக்கம் நகர்த்தினேன். காதில் ஓங்கி அடித்தது. பிசகே இல்லாத துடிப்பு.

இதயம் வலப்பக்கம் இருந்தது. படிக்கும்போது இதைப் பற்றி வாத்தியார் ஒரு வரி சொன்னதோடு சரி. இதயம் மட்டும் இடம் மாறியிருந்தால் உள்ளே வேறு கோளாறும் இருக்கும், பிள்ளை தங்குவது கஷ்டம். வயிற்றில் உள்ளவையும் சேர்ந்து மாறியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மலையில் எக்ஸ்ரேவுக்கு எங்கே போவது? விரல்தான்.

பிள்ளையின் வயிற்றில் ஒரு விரலை வைத்து மறு விரலால் தட்டினேன். கல்லீரல் மேல் தட்டினால் கட்டைச் சத்தம் வரும், காற்றுள்ள இரைப்பை மேல் மத்தளச் சத்தம். கல்லீரல் இருக்கவேண்டிய வலப்பக்கம் மத்தளம். இடப்பக்கம் கட்டை. மறுபடி தட்டினேன். அதேதான். நாக்கும் நகமும் நன்றாகச் சிவந்திருந்தன. உள்ளே அத்தனையும் ஒன்று விடாமல் திரும்பியிருந்தும், பிசகில்லாமல் ஓடுகிறது! யார் செய்த வேலை இது?

"புள்ள பொழைக்கும். நெஞ்சு வலப்பக்கம் இருக்கு, அவ்வளவுதான்."

"சாமி தப்பா வெச்சுட்டாருங்களா?"

"எல்லாத்தையும் சேத்தே மாத்தி வெச்சிருக்காரு. நீ சுட்டுக் கெடுத்துடாத."

அவன் நம்பவில்லை. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். பிறகு கண்ணை அகல விரித்தான்.

"ஏனுங்க, என்ற நெஞ்சுக்கு நேராவே இடிக்குதுங்க!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எதிரெதிரே அணைக்கும்போது பிள்ளையின் வலப்பக்கம்தான் நம் இடப்பக்கத்தில் படும்; மற்றப் பிள்ளைகளை அணைத்தால் அப்படி நேர் வராது.

தாய் எழுந்து போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.