வாய் தவறி வந்த ‘நீ’

குல்வென் மொர்வானுக்கு யாரையும் ‘நீ’ என்று அழைக்க வாய் வராது. பிரெஞ்சிலும் நம்மைப் போல நீயும் நீங்களும் உண்டு. பிரெஞ்சு நாட்டின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையில், பேராசிரியர் தொடங்கி குடுவை கழுவுகிறவர் வரை ஒருவருக்கொருவர் ‘நீ’தான். வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே பழகிவிடும். குல்வென் மட்டும் வருஷக்கணக்காக மொட்டையாகப் பேசிக்கொண்டிருந்தார். “காபி வேணுமா?” “இன்னைக்குப் படகுல போறதுண்டா?” யாரைக் கேட்கிறார் என்று சுவருக்கும் தெரியாது.

பேராசிரியர் அர்மேல் தெல்பெக்குக்கு இது பொறுக்கவில்லை. அவர் வடக்குக் கோடியிலிருந்து வந்தவர், குரல் பெரிது.

“ஏம்ப்பா குல்வென், எனக்குப் பேரு இல்லையா? நான் என்ன தெருப் பூனையா?”

“மரியாதைதான் மேடம். அம்மா வளர்த்த விதம்.”

“உங்கம்மாவா? நேத்துகூட கான்டீன்ல, ‘தட்டை நீட்டு, நீ இளைச்சுப் போயிட்டே’ன்னு ரெண்டு கரண்டி உருளைக்கிழங்கு கூடப் போட்டாங்க. அவங்களுக்கு நான் ‘நீ’, எனக்கு அவங்க ‘நீ’. நடுவுல நீ ஒருத்தன்தான் தூதுவன் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கிறே.”

அம்மா மாணவர் உணவகத்தில் பரிமாறுகிறவர். மகன் அதே உணவகத்தில் சாப்பிட்டு, அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, கடற்பாசி ஆய்வில் முனைவரும் ஆனார். ஆனால் நிரந்தர வேலை அமையவில்லை. மணிக்கணக்கில் வகுப்பெடுக்கும் ஒப்பந்தம்தான், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். துறை அலுவலகத்தில் அந்தத் தாள்களை நிரப்புகிறவள் நான். மேலிடத்துக் கையெழுத்து திரும்பி வரும்வரை அவர் நிம்மதியாகத்தான் இருப்பார். எனக்குத்தான் தூக்கம் கெடும். எங்களுக்குள் மட்டும் ‘நீங்கள்’. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

அர்மேல் விடவில்லை. ‘மேடம்’ என்றோ ‘நீங்கள்’ என்றோ வாயில் வந்தால், அன்றைக்கு ஆய்வகத்தின் காபிக் கோப்பைகளை எல்லாம் குல்வென்தான் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒரு குளிர்காலம் முழுக்கக் குல்வென் கோப்பை கழுவினார். புயலடித்த ஒரு சாயங்காலம் மின்சாரம் போய், தொட்டிகளின் பம்பு நின்று, வளர்த்த பாசியெல்லாம் அழுகப் பார்த்தது. அந்த அமளியில்தான் அது வந்தது. “அர்மேல், டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு! நீ எங்க பாத்துட்டு இருக்கே!” பாசி பிழைத்தது. மறுநாள் அர்மேல் வெண்ணெய் கேக் வாங்கிவந்து துறைக்கே விருந்து வைத்தார். அன்றிலிருந்து அவரிடம் பேசும்போது மட்டும் குல்வெனுக்கு ‘நீ’ சரளமாக வந்தது.

பிறகு அந்தப் பணியிடம் வந்தது. கடற்பாசி உயிரியலில் நிரந்தர விரிவுரையாளர். குல்வென் எடுத்துவந்த வகுப்புகளையே சேர்த்துக் கட்டி உண்டாக்கிய இடம். கிடைத்துவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை. வேறு யாருக்காவது போனால் வகுப்புகளும் அவர்களோடு போய்விடும், குல்வெனின் ஒப்பந்தத்துக்கு வேலையே இருக்காது.

தேர்வுக்குழுவில் பாதிப் பேர் வெளியூர்ப் பேராசிரியர்கள். உள்ளூர் ஆளையே பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு எப்போதும் உண்டு, வெளியிலிருந்து வருகிறவர்கள் அதை மோப்பம் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருப்பார்கள். குழுத் தலைவர் அர்மேல். அவர் குல்வெனின் ஆய்வு வழிகாட்டி இல்லை, சேர்ந்து கட்டுரை எழுதியதும் இல்லை, அதனால் தடையில்லை. ஆனால் நேர்காணல் அறைக்குள் போனால் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீங்கள்’. தினம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்கூட அங்கே முன்பின் பார்த்திராதவர்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, தெரியாதவர்களும் இல்லை.

நேர்காணல் நாள் வந்தது. குல்வென் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

“‘நீங்கள்’னு சொல்லிப் பாத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“வசந்தி, பொறந்ததிலேருந்து நான் ஒழுங்காச் சொல்ற ஒரே வார்த்தை அதுதான்,” என்று சிரித்தார்.

வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“சொல்லிட்டேன்.”

“என்னத்த?”

“‘நீ’ன்னு. பாசி வளர்ப்புல ஏதாவது நெருக்கடியைச் சமாளிச்சிருக்கீங்களான்னு ஒருத்தர் கேட்டார். பம்பு நின்ன கதையைச் சொன்னேன். சொல்ற வேகத்துல அவ பக்கம் திரும்பி, ‘நீதானே அர்மேல் டார்ச் பிடிச்சே’ன்னு...”

“அப்புறம்?”

“‘அதாவது, தாங்கள் பிடித்தீர்கள்’னு திருத்தினேன்.”

“ஐயோ, குல்வென்.”

“ஒருத்தர் இருமினார். ஓரத்துல உக்காந்திருந்த வெளியூர் மேடம் ஒருத்தங்க பேனாவை எடுத்து என்னமோ எழுதிக்கிட்டாங்க. அர்மேல் அதுக்கப்புறம் என்னைப் பாக்கவே இல்லை.”

உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. அர்மேலும் சொல்லவில்லை. சாயங்காலம் என் மேசையில் சாய்ந்து நின்று இவ்வளவுதான் சொன்னார்: “நான் வாயைத் திறந்தா, நம்ம ஆளுக்குப் பரிஞ்சு பேசறேன்னு ஆயிடும். திறக்கலைன்னா, எனக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். அந்த ஒத்தை எழுத்து என் நாக்கைக் கட்டிப் போட்டுடுச்சு வசந்தி. அதை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.”

குழுவின் பட்டியல் வந்தது. முதலிடம் சிபில் ரவனெல், ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துப் பெண். இரண்டாமிடம் குல்வென். அந்த ‘நீ’ வராமலிருந்தால் வரிசை மாறியிருக்குமா? யாருக்குத் தெரியும். சிபிலின் கட்டுரைகளும் நல்லவைதான்.

ஆனால் இரண்டாமிடம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இன்னொரு பல்கலைக்கழகத்திலும் சிபில்தான் முதலிடம். ஜூனில் ஏதாவது ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தெற்கே போனால் இந்த இடம் குல்வெனுக்கு. துறை மொத்தமும் தெற்கத்தி வெயிலை நம்பியிருந்தது.

“அந்த வெயிலை விட்டுட்டு இந்த மழைக்கு எவ வருவா?” என்றார் குல்வெனின் அம்மா, என் தட்டில் மீனை வைத்தபடி. “நீயே சொல்லு, நீ வருவியா?”

வெயில் ஊரிலிருந்து வந்து இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிறார். என்னத்தைச் சொல்வது?

மே மாதம் சிபில் தொலைபேசியில் கூப்பிட்டார். நேர்காணலுக்கு வந்தபோது அந்த அறையை மட்டும்தான் பார்த்தாராம், முடிவெடுக்கும் முன் இடத்தை ஒருதடவை பார்க்க வேண்டுமாம். அவர் வந்த நாள் நீண்ட விடுமுறையின் நடுவே. அர்மேல் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். கட்டடத்தில் நானும், தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்ற வந்த குல்வெனும் மட்டும்தான்.

“நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க இருங்க,” என்றேன்.

“உங்களுக்குப் பாசியைப் பத்தி என்ன தெரியும்? அவங்க கேப்பாங்க இல்ல?”

“அவங்க யாருன்னு...”

“தெரியும் வசந்தி. அதுக்காக வந்தவங்களை வாசல்லயே நிக்க வைக்கிறதா?”

தான் யார் என்று குல்வென் சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸைப் பார்த்து, தொட்டி பராமரிக்கிற ஊழியர் என்று சிபில் நினைத்துக்கொண்டார். கடல் உள்வாங்கியிருந்த நேரம். இருவரும் பாறைகளுக்குப் போய், மதியத்துக்கு மேல் நனைந்து திரும்பினார்கள். என் அலுவலகத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிபில் குல்வெனைக் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்க. இந்த ஊர்ல இருக்க முடியுமா?”

நான் நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை போதும். இந்த ஈரம் எலும்புக்குள் இறங்கும் என்றால்கூடப் போதும்.

“மழை பெய்யும்,” என்றார் குல்வென். “துறைக்குள்ள சண்டையும் உண்டு. ஆனா சாப்பாட்டுக்கு ஒண்ணாத்தான் போவோம். பசங்க முதல்ல வாயே திறக்க மாட்டாங்க, மக்குன்னு நினைச்சுடாதீங்க. பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் மூட மாட்டாங்க. நான் வேற ஊர்ல இருந்ததில்லை. போகணும்னு தோணினதும் இல்லை.”

ஜூனில் சிபில் எங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். தொலைபேசியில் என்னிடம், “பூட்ஸ் போட்டிருந்தாரே, அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்க. அவர் பேசினதைக் கேட்டுத்தான் முடிவு பண்ணினேன்,” என்றார்.

அதைக் கேட்ட அர்மேல் என் அலுவலகத்திலேயே குல்வெனைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு என்ன பைத்தியமா? மழையைப் பத்திச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே.”

“அழுத்திச் சொல்லணும்டா! முழுகிப் போற மாதிரி சொல்லணும்!”

“நல்லாத்தானே இருக்கு அர்மேல். எப்படி இல்லைன்னு சொல்றது?”

அர்மேல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குல்வென் அதற்குள் உள்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே கடல் கிடையாது. ஆய்வகச் சாவியை என் மேசையில் வைத்தார். அந்தத் தொட்டிகளின் வால்வு ஒரு மாதிரி, சொல்லிக் கொடுக்காவிட்டால் சிபிலுக்குப் பிடிபடாது, ஆகஸ்டில் ஒருநாள் வந்து காட்டித் தருகிறேன் என்றார்.

வரவும் செய்தார்.