வேறொருவன் பெயரில் ஆடிய ஞாயிறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் வரலாறு எனக்கு அத்துப்படி என்றால் எங்கள் மார்சிலிங் வட்டாரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒரு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தேன். எதிரே இருந்தவர், "கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்கு லா ஃபுட்பால்னு பேரு?" என்று கேட்டுவிட்டுத் தன் போனுக்குள் போய்விட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்காது. ஐந்து விநாடி முட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் அரை நிமிடம் நின்று யோசிக்கிறார்கள்.

அதை நான் படித்தது என் மகனுக்காக. ஒஹாயோவில் இருக்கிறான். மனைவி, ஏழு வயது மகள், வீடு எல்லாம் அங்கேதான். என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. காரியத்துக்கு வந்தவன் நான்கு நாள் இருந்தான். அதற்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் கூப்பிடுவான். எனக்குத் திங்கள் காலை பதினொன்று, அவனுக்கு ஞாயிறு இரவு பத்து. அவன் டிவியில் பார்க்கும் அந்த அமெரிக்கக் கால்பந்து இடைவேளைக்கு நிற்கும் நேரம். சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா. இரண்டு கேள்வியும் முடிந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவன் கண் டிவிப் பக்கம் திரும்பும். நான்காவது நிமிடம் வைத்துவிடுவான்.

அந்த நான்கு நிமிடத்தைப் பத்தாக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். உட்லண்ட்ஸ் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நாம் படிக்கும் விதம் தெரியுமே, எதுவானாலும் பரீட்சைதான். நோட்டுப் புத்தகம் வாங்கி, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்தேன். அறுபத்து மூன்று வயதில்.

முதலில் நன்றாகவே போனது. அவன் ஊர்ப் பக்கம்தான் அந்த ஆட்டம் காசுக்கு ஆடும் ஆட்டமாக வளர்ந்தது என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். 1892இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு கிளப் ஓர் ஆட்டக்காரனுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது. வெளியே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பல காலம் கழித்துக் கிளப்பின் பழைய காகிதம் ஒன்று கிடைத்தபோதுதான் குட்டு உடைந்தது. விளையாட்டுக்குக் காசு வாங்குவது அசிங்கம் என்று அப்போது பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். அப்படிச் சொல்கிறவன் வீட்டில் எப்போதும் அரிசி இருக்கும். எலும்பு உடைய ஆடுகிறவன் காசு வாங்கினால் என்ன அசிங்கம்?

1920இல் ஒரு கார்க் கடையில் கூடித்தான் லீக்கையே ஆரம்பித்தார்கள் என்று சொன்னேன். நாற்காலி போதாமல் அந்தக் காலக் கார்களின் பக்கப் படிப்பலகையில் உட்கார்ந்தார்களாம். மகன் சிரித்தான். ஆரம்ப நாளில் ஒன்றிரண்டு கறுப்பர்களும் ஆடினார்கள், பிறகு வாய் திறக்காமலே அவர்களை வெளியே தள்ளிப் பல வருடம் கதவைச் சாத்தி வைத்தார்கள் என்றேன். அதைப் பற்றி எட்டு நிமிடம் பேசினோம். அந்தத் திங்கட்கிழமை எனக்கு நல்ல நாள்.

பிறகு ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் படித்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை கல்லூரிக்கு ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேறு ஊருக்கு ரயிலேறி, பொய்ப் பெயரில் காசுக்கு ஆடினார்கள் என்று இருந்தது. தெரிந்தால் கல்லூரி விரட்டிவிடும். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

ஏனென்றால் நானும் அந்த ஆள்தான். மகன் சின்னப் பையனாக இருந்தபோது செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிகளுக்குள் கால்பந்துப் போட்டி நடக்கும். இது காலால் ஆடுகிற பந்து. அந்தந்தக் கம்பெனி பாஸ் வைத்திருப்பவன்தான் ஆடலாம் என்பது விதி. எங்கள் கம்பெனிக்கு அணி கிடையாது. இன்னொரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்த தமிழர் ஒருவருடைய பாஸில், அவர் பெயரில், ஏழு வருடம் ஆடினேன். பாஸில் இருந்த படத்தை ஒருவனும் உற்றுப் பார்த்ததில்லை. பாஸைச் சரிபார்த்தவர்களுக்குத் தமிழர்கள் எல்லாரும் ஒரே முகம்தான். ஆட்டத்துக்குக் கொஞ்சம் காசு, பிறகு ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ். வீட்டில் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்று சொல்லிவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதை மகனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேச விஷயம் கிடைத்தது என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த திங்கள் அவன் கூப்பிட்டதும் அந்தக் கல்லூரி ஆட்டக்காரர்களில் ஆரம்பித்து என்னில் கொண்டுவந்து முடித்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "தெரியும்ப்பா" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஓ.டி.க்குப் போறவரு முட்டியெல்லாம் சிராய்ப்போட வருவாரா? அம்மாவுக்கும் தெரியும். உங்க ஜெர்சிய அவங்கதானே தொவைச்சாங்க."

அவனே தொடர்ந்தான். "ஆடப் போனதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தடவையாச்சும் என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். ஸ்கூல்ல எல்லாரும் சண்டே அப்பாவோட எங்கயாச்சும் போன கதை சொல்வாங்க. நான் டிவி பாத்த கதை சொல்வேன்."

உண்மையைச் சொன்னேன். சின்னப் பிள்ளை, மைதானத்தில் யாராவது உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாய், நான் மாட்டிக்கொள்வேன், அதனால்தான் கூட்டிப் போகவில்லை என்றேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

டிவியில் ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது, ஆனால் அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இனிமே ஞாயித்துக்கிழமை வேணாம்ப்பா. ராத்திரி உங்ககிட்ட பேசணும்னு நெனச்சாலே பழைய சண்டேங்க ஞாபகம் வந்து அந்த நாள் பூரா எனக்கு நல்லா இல்ல. வேற நாள் கூப்பிடுறேன்" என்றான். வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. யாருக்குச் சாப்பாடு போட ஆடினேன் என்று காலியான வீட்டில் சத்தமாகக் கேட்டேன். அதுவும் பொய். சம்பளமே போதும். மைதானத்தில் கைதட்டினார்கள், அதற்காகப் போனேன்.

வந்த ஞாயிறு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டில், ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் புல்லில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டு இருந்தார்கள். அத்தனை போனிலும் யாரோ சிரித்துக்கொண்டு இருந்தார்கள். பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. எம்ஆர்டி ரயில் ஏறித் திரும்பிவிட்டேன். மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை.

மூன்றாவது வாரம் புதன் காலை கூப்பிட்டான். அங்கே செவ்வாய் இரவு, பிள்ளை இன்னும் தூங்கவில்லை, பின்னால் ஏதோ உருட்டிக்கொண்டு இருந்தாள். சாப்பிட்டீர்களா என்றான். மாத்திரை என்றான். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

"நீங்க நல்லா ஆடுவீங்களாப்பா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு என்னைத் தெரியாது.

"நல்லாத்தான் ஆடுவேன். லெஃப்ட் விங். வேகமா ஓடுவேன்" என்றேன்.

"பாத்திருக்கலாம்" என்றான். பிறகு, பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.