எனக்குக் கேட்டது ‘ஏல’ மட்டும்

1. பெட்டி நிறைய பிளக்

லண்டனில் இருபத்தொரு வருடம் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிச் சாமான் ஓடினேன். இரத்த மாதிரி, சதைத்துண்டு, சில வேளை தானம் கொடுத்த கருவிழி. எடுத்து, பெட்டியில் பூட்டி, லாபில் கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிறகு ஆறு வருடம் அதே கொம்பனியில் கொன்ட்ரோலர், அதாவது மேசையில் இருந்து மற்ற ரைடர்களை ஓட வைக்கிறவர். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முதல் நாள் ஜாக்கெட்டும் ரேடியோவும் தந்த டெரி என்ற வெள்ளைக்காரன், தோடம்பழம் மாதிரி ஆரஞ்சு நிறத்தில், பஞ்சு போல இருந்த சின்னக் காது பிளக்குகள் நிறைந்த பெட்டியையும் தள்ளிவைத்தான்.

“சிவா, ஒவ்வொரு நாளும் இதைக் காதில் போட்டுக்கொண்டு ஓடு. என்னைப் பார், கத்தினால்தான் எனக்குக் கேட்கும்” என்றான்.

நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் முப்பது வயது வரை, சண்டைக்குள் காதை நம்பி உயிர் தப்பியவன் நான். ஹெலி எந்தப் பக்கத்தால் வருகிறது, பொம்பர் சுற்றுகிறதா, குண்டு போடப் பதிகிறதா, ஷெல் புறப்படக் குத்தின சத்தமா விழுகிற சத்தமா, எல்லாம் காதுதான் சொன்னது. நாங்கள் சமைக்கும்போதுகூட ஒரு காதை வெளியே வைத்திருந்த சனம். அப்படிப்பட்டவனிடம் காதை அடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கு என்றால்?

“லொறி பின்னால் வந்தால் எனக்கு யார் சொல்வது?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான் பைக்கில் கண்ணாடி இருக்கே” என்றான் டெரி.

அந்தப் பெட்டியில் இருந்து ஒரு துண்டைக்கூட நான் எடுக்கவில்லை. அங்கே ஓடிய எங்கள் தமிழ் ஆட்கள் பலரும் எடுக்கவில்லை. பயந்தவன்தான் காதை அடைப்பான் என்று எங்களுக்குள் பகிடி வேறு. டெரி சொன்னது சரி. அது விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

2. காற்று செய்த வேலை

ஹெல்மெட் காதைக் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தலைக்கு. வேகம் ஐம்பது மைலைத் தாண்டியதும் கழுத்துப் பக்கத்தால் காற்று ஏறி உள்ளே இரையத் தொடங்கும். எஞ்சின் சத்தம் அதற்குள் காணாமல் போகும். லண்டனைச் சுற்றிப் போகும் எம் 25 நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓடிவிட்டு இறங்கினால் காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம் நிற்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிய அது போய்விடும். சில வருடத்தில் படுக்கப் போகும்வரை நின்றது. பிறகு போகவே இல்லை. இதை எழுதும்போதும் அது இருக்கிறது.

அதைவிட மோசமானது, சொற்கள் அரைகுறையாக வந்தது. சத்தம் கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது. வீட்டில் மனைவி, “இந்த மனிசனுக்குத் தனக்குத் தேவையானது மட்டும்தான் கேக்கும்” என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கடைசியில் இல்ஃபோர்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் காதையும் பார்ப்பார்கள் என்று கண்டு, யாருக்கும் சொல்லாமல் உள்ளே போனேன். சோதித்த பிள்ளை ஒரு கோட்டுப் படத்தைக் காட்டியது. கோடு பாதித் தூரம் நேராக வந்து, பிறகு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியது. “உங்களுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும்” என்றது. படத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். மெஷின் வாங்கப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கொம்பனி கொன்ட்ரோலர் வேலை தந்தது. அது முழுக்கக் காதால் செய்கிற வேலை. ஒருவருக்கும் நான் மூச்சு விடவில்லை.

செவிடன் என்று பிறருக்குத் தெரியாமல் செவிடனாக இருக்க ஒரு வித்தை உண்டு. கேட்ட பாதிச் சொல்லில் இருந்து மீதியை ஊகிப்பது. ஊகிக்க முடியாவிட்டால் சிரித்துக்கொண்டு “ஓம், ஓம்” என்பது. நான் அதில் கெட்டிக்காரன் ஆகியிருந்தேன்.

3. அந்த வியாழக்கிழமை

அன்ரன் எங்கள் ரைடர், மன்னார் ஆள். நாற்பத்தைந்து வயது, நோர்பரியில் மனைவி றெஜினாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான். ஞாயிறு பூசையைத் தவிர எதற்கும் லீவு கேட்காதவன். முதல் நாளில் இருந்தே காதில் பிளக் போட்டு ஓடியவன் அவன். அதற்காக நான் அவனை நக்கலடித்திருக்கிறேன்.

ஜூலை மாதம், நல்ல வெயில். பின்னேரம் இரண்டு மணிக்கு அவசர ஜொப் ஒன்று வந்தது. எம் 11 நெடுஞ்சாலை ஏறி வடக்கே ஒரு லாபுக்குப் போக வேண்டும். கிட்ட நின்றவன் அன்ரன்தான். அவன் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். போன் எடுத்தேன். அங்கே அம்புலன்ஸ் இரைச்சல், இங்கே என் மேசையில் ஃபேன்.

“அன்ரன், அவசரமா ஒரு ஜொப் கிடக்கு. எம் இலெவனால மேல போகவேணும். உனக்கு ஏலுமோ?”

எங்கள் பேச்சில் ஏலும் என்றால் முடியும், ஏலாது என்றால் முடியாது. அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்டது ‘ஏல’ மட்டும். மிச்சத்தை நான் போட்டு நிரப்பினேன்.

“நல்லது. விலாசம் போனுக்கு வரும். வெளிக்கிடு” என்றேன்.

அன்ரன், “சரி அண்ணை” என்றான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மூன்று மணிக்குப் பிறகு பொலிஸ் போன் எடுத்தது. பைக் தானாகவே ரோட்டுக் கரைக்கு ஒதுங்கிப் போய்க் கம்பித் தடுப்பில் அடித்தது என்று பின்னால் வந்த காரோட்டி சொன்னாராம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு போக இன்னொரு ரைடரை நானே அனுப்பினேன். வேலை அப்படி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்ரனின் இடது தோளில் நரம்புகள் வேரோடு அறுந்துவிட்டன, கை இனி அசையாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். றெஜினா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அன்ரன் என்னைப் பார்த்து மெதுவாக எதையோ கேட்டான். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்த நிலையில் இருக்கிறவனைத் திருப்பிச் சொல்லச் சொல்ல மனம் வரவில்லை.

“ஓம் அன்ரன், ஓம். ஒண்டுக்கும் யோசியாதை” என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். றெஜினா என்னைப் பார்த்த பார்வையைக் களைப்பு என்று நினைத்தேன்.

4. பதிவு

கொம்பனி எல்லாப் போன் பேச்சையும் பதிந்து வைக்கும். அடுத்த கிழமை மனேஜர் கேரன் என்னை அறைக்குள் கூப்பிட்டு ஹெட்போனைத் தந்தாள்.

“நீங்கள் இருவரும் உங்கள் பாஷையில் பேசியிருக்கிறீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குச் சொல்லு, சிவா.”

சத்தத்தை முழுக்க ஏற்றிப் போட்டுக் கேட்டேன். காதோடு ஒட்டி வந்தது அன்ரனின் குரல்.

“அண்ணை, காலமை தொடக்கம் தலை சுத்துது. எனக்கு ஏலாது.”

அதன் பிறகு என் குரல். நல்லது, வெளிக்கிடு.

கேரன் பேனாவோடு காத்திருந்தாள். அந்தக் கட்டிடத்தில் அப்போது தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘ஏலும் என்று சொல்கிறான்’ என்று நான் சொன்னால் அதைத்தான் எழுதுவாள். பிழை முழுக்க அன்ரனின் தலையில் விழும். உண்மையைச் சொன்னால், ஏலாது என்றவனை அனுப்பிய கொன்ட்ரோலர் நான்.

“சரியாகக் கேட்கவில்லை” என்றேன்.

இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டதாக நடித்தவன், அன்றைக்குக் கேட்டதைக் கேட்கவில்லை என்றேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

“பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுவோம்” என்றாள் கேரன். வெளியே வந்து படிக்கட்டில் அரை மணித்தியாலம் இருந்தேன். திரும்பிப் போய் முழுவதையும் சொன்னேன், என் காது உட்பட. எழுதிக் கையொப்பமும் வைத்தேன். அன்றோடு என் வேலை முடிந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

5. நோர்பரி

அன்ரன் வீட்டுக்கு வந்த பிறகு போனேன். இந்த முறை இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. கதவைத் திறந்த றெஜினா வழிவிடவில்லை.

“ஏன் வந்தனீங்கள் அண்ணை?”

“எனக்கு அண்டைக்குப் போனில கேக்கேல்லை, றெஜினா. ஏலும் எண்டு சொன்னான் எண்டு நினைச்சிட்டன்.”

“பொய் சொல்லாதேங்கோ. ஆஸ்பத்திரியில இவர் உங்களை என்ன கேட்டவர்? ‘நான் ஏலாதெண்டு சொன்னது உங்களுக்குக் கேட்டதோ அண்ணை’ எண்டு கேட்டவர். நீங்கள் ஓம், ஓம் எண்டனீங்கள். நான் பக்கத்திலதானே நிண்டனான்.”

வாசலில் நின்று அழுதுவிட்டேன். அறுபது வயதுக்காரன் ரோட்டில் அழுவதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். அப்போதும் றெஜினா அசையவில்லை. உள்ளே இருந்து அன்ரன்தான், “அவரை விடு” என்றான்.

கதிரையில் இருந்தான். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெலிக்குப் பயந்த கதை, பிளக் போடாத கதை, இல்ஃபோர்ட் கடையில் மடித்து வைத்த படம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

இதை வாசிக்கும் நீங்கள் பைக் ஓடுகிறவர்கள் என்றால் பிளக்கை இப்படிப் போடுங்கள்: விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது விரிந்து நிற்கும்வரை விரலை எடுக்காதீர்கள். காற்று இரைச்சல்தான் குறையும். ஹோர்னும் சைரனும் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். இதை அன்ரன் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான். என் காது போனதற்கு நான் எடுக்காத அந்தத் துண்டுதான் காரணம். அவன் கை போனதற்கு அது மட்டும் காரணமில்லை.

“காது கேக்காதெண்டு எவ்வளவு காலமாத் தெரியும், அண்ணை?” என்று கேட்டான் அன்ரன்.

“எட்டு வருசம்.”

அவனுக்குக் கோபம் வந்தால் நல்லது என்று இருந்தது. கோபம் வரவில்லை.

“எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அண்ணை” என்றான். “நான் மெசேஜ் அடிச்சிருப்பன்.”