மூன்றுக்கு ஒரு தப்பு

ட்ரென்ட் கோவாலிக்கின் மனைவி ஜோலினுக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சர்ச்சிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனிடம் சொல்லிவிட்டாள்.

"பிட்ஸ்பர்க் போய் டாக்டரப் பாரு. இது உன் தலையில இருக்குற வியாதின்னா நான் இருக்கேன், கடைசிவரைக்கும் இருக்கேன். இல்ல, உன் குணமே இதுதான்னா, மேசியக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

மேசி அவர்களுடைய ஆறு வயது மகள். 'இது' என்று ஜோலின் சொன்னதில் எவ்வளவோ அடங்கியிருந்தது. ஊறுகாய்ப் புட்டியின் மூடி திறக்கவில்லை என்பதற்காக இரும்பு வாணலியைத் தூக்கிச் சுவரில் எறிந்தது. மேசியை நீச்சல் வகுப்பில் விட்டவன், அவளைக் கூட்டிவர வேண்டும் என்பதையே இரண்டு மணி நேரம் மறந்து கிடந்தது. விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடியோடு சாப்பிட உட்கார்ந்து, யாராவது சத்தமாகச் சிரித்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவது. வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன், பிப்ரவரியில் ஒரு கிழவி வீட்டில் வால்வை மூடாமலே வந்துவிட்டான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. முதலாளி தங்கமான மனுஷர். வேலையைப் பிடுங்காமல் லாரிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, கிடங்கைப் பெருக்கச் சொன்னார். முப்பத்தைந்து வயதில் துடைப்பமும் கையுமாக நிற்பவனிடம் போய், வேலை போகவில்லையே என்று சந்தோஷப்படு என்றால் எப்படி?

அவனுடைய சொந்த ஊரான இதே வெஸ்ட் ஹார்லனில்தான் ஒரு காலத்தில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒஹாயோ ஆற்றங்கரையில் இரும்பாலை மூடிப்போன பிறகு அந்த ஊருக்கு மிஞ்சியது வெள்ளிக்கிழமை சாயங்காலத்து ஃபுட்பால் ஒன்றுதான்; பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளோடு ஆள் மோதும் அமெரிக்க ஃபுட்பால். அவன் பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும்போது, அக்கரையிலிருக்கும் பெல்ஃபோர்டுக்காரர்கள் வெற்றிக் கோட்டைத் தாண்ட ஒரு கஜம்தான் பாக்கி. பந்தோடு வந்தவன் ஒரு மலைமாடு. ட்ரென்ட் தலையைக் குனிந்துகொண்டு போய் அவன் மேல் மோதினான். மாடு விழுந்தது, ஊர் ஜெயித்தது. அந்தப் போட்டோவை இன்றைக்கும் ஊரின் மூன்று மதுக்கடைகளிலும் மாட்டி வைத்திருக்கிறார்கள். தன் காலத்தில் இந்த ஊருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான் என்று ட்ரென்டின் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவர் சொன்னதும் பொய்யில்லை.

ட்ரென்ட் பிட்ஸ்பர்க் போனான். போவதற்கு முன் ராத்திரியெல்லாம் கும்பிட்டான். என்ன வேண்டிக்கொண்டான் தெரியுமா? தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று. எந்த மனுஷனுக்கும் வரக்கூடாத வேண்டுதல்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வார்த்தைகளைக் காட்டி மறைத்து, எது பார்த்தது எது பார்க்காதது என்று கேட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டை நனைய நனைய, ஒழுங்காகச் செய்தான். இரண்டு வாரம் கழித்துக் கணவன் மனைவி இரண்டு பேரையும் கூப்பிட்டு, டாக்டரம்மா சிரித்த முகமாகச் சொன்னார்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு மிஸ்டர் கோவாலிக். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி சீசன் ஆரம்பத்துல உங்க ஸ்கூல்ல இதே மாதிரி டெஸ்ட் எடுத்து வச்சிருக்காங்க. இப்படி ஒப்பிட்டுப் பாக்க எல்லாருக்கும் அமையாது. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ, இன்னிக்கும் அப்படியேதான் இருக்கீங்க."

"அப்படின்னா இவருக்கு வியாதி இல்லையா?" என்று கேட்டாள் ஜோலின்.

"மூளையில அடிபட்டு வர்ற சில வியாதியை, ஆள் போனப்புறம் மூளைய அறுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இறங்குமுகம்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. தூக்கத்தக் கவனிங்க. கோபத்துக்கு ஆலோசனை சொல்றவங்க இருக்காங்க, போய்ப் பாருங்க."

டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையிலிருந்த காகிதத்தைப் படித்தார், அவ்வளவுதான்.  கார் ஊரை நோக்கித் திரும்பி அரை மணி நேரம் கழித்து ட்ரென்ட் சொன்னான்.

"ஜோலின், அந்தப் பழைய டெஸ்ட் பொய். நான் வேணும்னே தப்புத் தப்பா போட்டேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம். அன்னிக்கு வேணும்னே கம்மியா வாங்கின மார்க்தான், இன்னிக்கு முழுசா முயற்சி பண்ணியும் வருது."

விஷயம் இதுதான். சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு பையனுக்கும் அந்த டெஸ்ட் உண்டு. ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி டெஸ்ட். மதிப்பெண் முன்னைவிட இறங்கியிருந்தால், தேறும்வரை வெளியே உட்கார வேண்டும். வெளியே உட்காருவதா? உயிரே போனாலும் மாட்டார்கள் அந்தப் பயல்கள். அவனோடு அதே வகுப்பில் படித்தவன் நிக் பெட்ராக்கோ. பந்து எறிவதில் சூரன், மற்றதில் அதைவிடச் சூரன். அவன்தான் வழி கண்டுபிடித்தான்: முதல் டெஸ்டிலேயே மக்காக இருந்துவிடு, பிறகு எவ்வளவு அடிபட்டாலும் இறங்கினது தெரியாது. ரொம்ப மக்காக இருந்தால் மெஷின் பிடித்துவிடும். அதனால் இரண்டு சரியாகப் போடு, மூன்றாவதைத் தப்பாகப் போடு. ட்ரென்ட் கணக்கில் கெட்டி. அத்தனை பேரிலும் பிசகாமல் செய்தவன் அவன்தான். அந்த வெட்டிச் சாமர்த்தியத்துக்கு நிக் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

ஜோலின் காரை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பெத்த பொண்ணக் கூட்டிட்டு வர்றது மறந்துபோகுது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி பண்ண திருட்டுத்தனம் மட்டும் கரெக்டா ஞாபகம் இருக்கு. நல்ல மூளைடா சாமி!"

"சத்தியமா ஜோலின்."

"யாரு சாட்சி? நிக் எழுதிக் குடுப்பானா? போ, வாங்கிட்டு வா. நான் நம்புறேன்."

நிக் இப்போது அதே பள்ளியில் கோச். ஆகஸ்ட் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் ட்ரென்ட் எண்ணிப் பார்த்தான். இருபத்தொரு பையன்கள். அவன் காலத்தில் ஐம்பத்தெட்டு.

"அம்மாக்காரிங்க விட மாட்டேங்குறாங்க, என்ன பண்ணச் சொல்ற?" என்றான் நிக். "எல்லாரும் பிள்ளைங்கள ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் அனுப்புறாங்க. அடுத்த மாசம் பள்ளி போர்டு ஓட்டுப் போடுது. டீம் இருக்கணுமா, இல்ல பெல்ஃபோர்டோட சேத்துடலாமான்னு. பெல்ஃபோர்டோடயாம்! தூ! சரி, அத விடு. என்ன திடீர்னு இந்தப் பக்கம்?"

ட்ரென்ட் சொன்னான். நிக்கின் முகம் சுருங்கிப்போனது.

"நான் எப்படிடா எழுதிக் குடுப்பேன்? அது போர்டு கைக்குப் போச்சுன்னா என்ன ஆகும்? இந்தப் பசங்க டெஸ்டும் பொய்யின்னு ஆயிடாதா?"

"பொய் இல்லையா நிக்?"

நிக் விசிலை வாயில் வைத்து ஊதினான். பையன்கள் தண்ணீர் குடிக்க ஓடினார்கள். ட்ரென்டுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் இவர்களும் மூன்றுக்கு ஒன்று தப்பாகப் போடுகிறார்கள். அட பாவி!

"நீ ஆடினதுக்கு என்னை ஏன்டா பிடிக்கிற?" என்றான் நிக். "யாரு உன் கையப் புடிச்சு இழுத்தா? பெல்ஃபோர்டுக்காரன நீ சாச்ச அன்னிக்கு, ஊரே உன்னைத் தூக்கிட்டுப் போச்சு. அது வேணும், இது வேணாமா?"

"எனக்கு அது ஞாபகம் இல்ல."

"எது?"

"அந்த ஆட்டம். இப்ப மறந்து போச்சுன்னு சொல்லல. அன்னிக்கே இல்ல. அவன் மேல மோதினது, எல்லாரும் தூக்கினது, எதுவுமே இல்ல. மறுநாள் மத்தியானம் எங்க வீட்டு பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டு உக்காந்திருந்தேன், அதுலேருந்துதான் எனக்குத் தெரியும். போட்டோவப் பாத்துத்தான் இத்தன வருஷமா கதை சொல்லிட்டிருக்கேன்."

நிக் அவனையே பார்த்தான். "திங்கக்கெழம டெஸ்ட் எடுத்தாங்களே?"

"எடுத்தாங்க. இறங்கவே இல்லன்னாங்க. வெள்ளிக்கெழம மறுபடி ஆடினேன். அன்னிக்கும் ரெண்டு தடவ அடி. அப்புறமும் ஆடினேன்."

நிக் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அந்தத் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறை வாசலில் காத்திருந்து, "பாத்தியா, வேலை செஞ்சுதா?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரித்தவன் அவன்.  பிறகு கையிலிருந்த பயிற்சித் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதினான். தான் சொல்லிக்கொடுத்தது, எல்லோரும் செய்தது, ட்ரென்ட் எல்லோரையும்விடச் சரியாகச் செய்தது. கீழே கையெழுத்து.

"ஜோலினுக்கு மட்டும் காட்டு. போர்டுக்குப் போகக்கூடாது. சத்தியம் பண்ணு," என்றான். ட்ரென்ட் மைதானத்தில் நின்ற பையன்களைப் பார்த்தான்.  ஆனாலும் சத்தியம் பண்ணினான். அவனுக்கு ஜோலின் வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். இதற்காக அவனைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

ஜோலின் சமையலறையில் நின்றபடியே காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அவன் தலையை இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. அவனும் அழுதான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப நீ இருப்பேல்ல?" என்று கேட்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ட்ரென்ட், இருப்பேன்னு நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். உன் குணம்தான் கெட்டுப்போச்சு, சண்டை போட்டுத் திருத்திடலாம், மிஞ்சிப்போனா போறேன்னு பயமுறுத்தலாம்னு மனசுக்குள்ள நினைச்சுட்டிருந்தேன். இப்ப யார்கிட்ட சண்டை போடுவேன்? இது இறங்கிட்டேதான் போகும். உன்னால நிறுத்த முடியாது. நாளைக்கு நீ எறியுறது மேசி மேல பட்டா, பட்டுச்சுன்னு உனக்கே தெரியாது."

"நான் அவள அடிக்க மாட்டேன்."

"நீ மாட்ட. எனக்குத் தெரியும்."

 தான் ஜெயித்து வாங்கிவந்த காகிதமே தன்னைத் தோற்கடித்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்தது. பின்கட்டில் மேசி தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"சனிக்கெழம. எங்கண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றான்."

"எழுதி வச்சுட்டுப் போ ஜோலின். ஏன் போனீங்கன்னும் எழுது. இல்லாட்டி காலையில எந்திரிச்சு, காரணம் பிடிபடாம உன் மேல கோபப்படுவேன். கோபப்பட்டா அங்க வந்துடுவேன்."

ஜோலின் மேசியின் கலர் பென்சில் ஒன்றை எடுத்தாள். வேறு காகிதம் தேடவில்லை. நிக்கின் கையெழுத்துக்குக் கீழே இடமிருந்தது. 'நீ கெட்டவன் இல்ல. அதனாலதான் போறோம்' என்று எழுதி, அவன் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னாள்.