ரதி கட்டும் சிவசாமி

தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி முடித்ததும், சிவசாமி தண்ணீர் கொட்டும் அதே பீலிக்கரையில் குந்தி, கைக்கண்ணாடியைக் கல்லில் சாய்த்து மீசையை மழிக்கிறார். இலங்கை மலையகத்து டயகமத் தோட்டத்தில், வரிசை வீடுகளான அந்த லயத்து ஆண்களில் மீசையில்லாதவர் அவர் ஒருவர்தான். "ரதிக்கு மீசையிருந்தா, காமன் எரியிறதுக்கு முந்தியே ஓடிருவான்" என்பார், கேலி செய்பவர்களை முந்திக்கொண்டு.

மாசிமாதக் காமன் கூத்தில் பதினாறு வருடமாக அவர்தான் ரதி. காமன் வேஷம் அழகனுக்கு. மஸ்கெலியாவரை பேர் போன ஆட்டக்காரன். அவன் ஆடுகிறான் என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சனம் பனியில் நடந்து வரும். சிவன் காமனை எரிப்பார். ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் அவள் கூப்பிட, அவன் எழுந்து வருவான்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் அட்டனிலிருந்து வந்த பஸ் மழையில் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அதில் செத்துப்போன அழகனுக்கு முப்பத்தெட்டு வயது. அடக்கத்தன்று சிவசாமி அழவில்லை. "கூத்துல அம்புட்டு அழுக. இங்க ஒரு சொட்டக் காணோம்" என்று லயத்து வீரம்மா எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் ஊற்றினார்கள். அழகனின் மனைவி மீனம்மா செம்பைச் சரித்தபோது, சிவசாமியின் வாயிலிருந்து பதினாறு வருடப் பழக்கத்தில் ரதியின் அழைப்பு தானாக வந்துவிட்டது.

"எந்திரிங்க சாமி. விடிஞ்சிருச்சு."

மீனம்மா செம்பை நழுவவிட்டு மண்ணையே பார்த்தாள். அதன்பிறகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இந்த மாசிக்குத் தோட்டத் தலைவர் கந்தப்பன் புதுக் காமனைப் பிடித்துவிட்டார். "நீ கட்டலேன்னா கூத்தே இல்லப்பா" என்றும் சிவசாமியிடம் சொல்லிப் பார்த்தார்.

"மீனம்மா சரின்னு சொல்லாம நான் சேலையத் தொட மாட்டேங்க."

நேற்றுக் காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் மலைக்குக் கிளம்பினார்கள். மீனம்மா கொழுந்துக் கூடையோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"கட்டுங்கண்ணே. அன்னைக்கு நீங்க கூப்புட்டதும் நெசமாவே வருவாருன்னு பாத்துட்டேன். அந்தக் கோவந்தான்."

"அது நான் வேணும்னு..."

"தெரியும்ண்ணே. புதுப் பையன நல்லாக் கூப்புடுங்க. அவரு பேர மட்டும் சொல்லிறாதீங்க."

சிவசாமி உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் கண்ணீர் இறங்கியது. கொழுந்தெடுக்கப் போகும் கடைசிப் பெண்ணும் அவரைத் தாண்டி மேடேறும்வரை கையை எடுக்கவில்லை.