லைசென்ஸ் அக்காவின் ஆணி

சமைக்கப் போன வீட்டில் அடுப்பைத் தொடுவதற்கு முன் அக்கா ஆணி தேடுவார். காலண்டர் தொங்கும் ஆணிதான் கிடைத்ததென்றால், காலண்டரை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து கண்ணாடி போட்ட படம் ஒன்றை எடுத்து மாட்டுவார். படத்தில் இருப்பது மகனும் இல்லை, மகளும் இல்லை. பிறர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் பரிமாற அவருக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சான்று. "இது தொங்குற வரைக்கும் இந்த அடுப்படி என் பொறுப்பு" என்பார். வேன் ஓட்டும் கணவருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "எங்க கல்யாணப் போட்டோவைக்கூட இவ இப்படி மாட்டினதில்ல." ஊரே அவரை லைசென்ஸ் அக்கா என்று கூப்பிடுகிறது. அவருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

படம் ஏறியதும் காகிதம் வரும். ஒரே பக்கம், ஆறு வரி. கேஸ், தண்ணீர், கரண்ட், ஃப்ரிட்ஜ் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பரிமாறலாமா வேண்டாமா என்ற முடிவு அக்காவுடையது. "சாப்பாடு போடச் சொன்னா பத்திரம் எழுதுறீங்களே" என்று சிரிப்பவர்கள் உண்டு. "வயித்த வலிச்சா முதல்ல என் பேரைத்தானே சொல்வீங்க? அதை வலிக்காதப்பவே எழுதி வச்சுக்குவோம்" என்று பேனாவை நீட்டுவார்.

கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். கத்தியும் வெட்டுப் பலகையும் சொந்தம். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவருக்குச் சூடு பார்க்கும் கருவி. கடைசியாக, ஃப்ரிட்ஜின் பிளக் மேல் சிவப்பு டேப் ஒட்டுவார். முன்பு ஒரு வீட்டில் யாரோ ஃபேன் போடுவதற்காக அதைப் பிடுங்கிவிட்டார்கள், அக்கா அது தெரியாமல் பரிமாறியும்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி இன்னொரு முறை அடுப்பு மூட்டக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

போன மாதம் ஒரு வீட்டில் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். நாற்பது பேர். அக்காவை அழைத்த வீட்டுக்காரி, அந்த அம்மாவின் மகள், ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மேனேஜரும் வருகிறார். சாப்பாடு பிடித்திருந்தால், அலுவலகத்தில் தினமும் நூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு அக்கா கைக்கு வரும். அப்படி ஒரு வாய்ப்புக்குப் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார்.

காலை ஐந்து மணிக்கே அந்த வீட்டுக்கு வந்து வறுத்த கோழியை ஆறவைத்து, கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். நாலு டிகிரிக்கு இறங்கியதைப் பார்த்துக் குறித்தும் வைத்தார். மாலை நாலு மணிக்குத் திறந்தபோது வெளிச்சம் வரவில்லை. சிவப்பு டேப் கிழிந்து தொங்கியது. அந்த இடத்தில் ஸ்பீக்கரின் பிளக். வீட்டுக்காரியின் தம்பி தலையைச் சொறிந்தான். "ஒரு மணி நேரம்தான்கா இருக்கும்."

கோழியில் கருவியைச் செருகிப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல இருபத்தோரு டிகிரி வராது, தம்பி."

"நல்லாச் சூடு பண்ணிட்டா சரியாயிடும்கா" என்றாள் வீட்டுக்காரி. "வாசனைகூட நல்லாத்தானே இருக்கு? மேனேஜர் வர்ற நேரத்துல..."

"சூடு பண்ணாலும் போகாத விஷம் உண்டும்மா. அது வாசனையில தெரியாது."

"யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா அடுப்படிக்குப் போனார். படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "இனிமே இது உங்க அடுப்படி. ஆனா கோழி என்னோடது. தட்டுக்கு வர்ற வரைக்கும் சாப்பாடு எனக்குச் சொந்தம்னு அஞ்சாவது வரியில இருக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவும் சோப்பு நீரை எடுத்து, ஆசை ஆசையாக வறுத்த கோழி முழுவதன் மேலும் ஊற்றினார். நூற்றிருபது சாப்பாடும் அந்த நுரையோடு போகிறது என்று நினைத்தார். ஆனாலும் கை நிற்கவில்லை.

வீட்டுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப என்னக்கா பண்றது?" என்றாள். குரலில் கோபம் இறங்கியிருந்தது.

"முட்டை எத்தனை இருக்கு?"

தம்பி கடைக்கு ஓடினான். அக்கா உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே வீட்டுக்காரி எழுந்து, பையைத் திறந்து, படத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். கோணலாகத்தான் மாட்டினாள்.

விருந்தில் மேனேஜர், "சிக்கன் உண்டுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். அடுப்படியில் இருந்த அக்காவுக்கும் கேட்டது. வீட்டுக்காரி மழுப்பவில்லை. "ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு சார். எங்க தப்பு. அக்கா கொட்டிட்டாங்க. நான் கெஞ்சியும் கேக்கல."

மேனேஜர் தட்டோடு அடுப்படிக்கு வந்தார். சுவரில் தொங்கிய படத்தின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு பெயரையும் அனுமதி எண்ணையும் வாசிக்கப் பார்த்தார். வெந்த கிழங்கின் ஆவி படிந்து எழுத்து மங்கியிருந்தது. அக்கா அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு வந்தார். ஏப்ரன் நுனியால் கண்ணாடியை மூலைவரை துடைத்து, கோணலை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, முட்டையைத் திருப்பிப் போடப் போனார்.