கோப்பிக்கு முன்னால் மிளகாய்

நீர்வேலியில் பேருந்து பழுதாகி நிற்கிறது. எதிரே உள்ள மாவு மில்லின் வாசலில் நிழலுக்கு ஒதுங்குகிறேன். முன்னால் நிற்கும் அக்காவின் சட்டியில், கறுக்க வறுத்த கோப்பிக்கொட்டை மணக்கிறது.

"பொங்கலுக்கு. மல்லி, மிளகு, வேர்க்கொம்புச் சுக்கு எல்லாம் போட்டு வறுத்தனான்" என்கிறார் என்னிடம்.

அப்போது காரில் வந்து இறங்கும் ஒருவர் அக்காவைத் தாண்டிப் போய், ஒரு பச்சையரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் காய்ந்த செத்தல் மிளகாயை இயந்திரத்தில் கொட்டுகிறார். மில்காரர் இயந்திரத்தை ஓடவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இந்த அக்காதானே முதலில் வந்தவர்?" என்கிறேன்.

"அவசரம் தம்பி." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் தும்முகிறோம். மிளகாய் அரைபட்டு முடிகிறது.

"இனி உதுக்குள்ளை என்ரை கோப்பியைப் போட்டால் ஆர் குடிக்கிறது?" அக்கா தன் சட்டியை அணைத்துப் பிடிக்கிறார்.

"ரெண்டு பிடி அரிசி போட்டு ஓடவிட்டால் துப்பரவாகிடும்" என்கிறார் மில்காரர். "அரிசி கிடக்கோ?"

"அண்ணையின்ரை பையிலை கிடக்கு."

கார்க்காரர் பலகாரத்துக்கு அரைக்கக் கொண்டுவந்த பச்சையரிசிப் பையை அக்கா தூக்குகிறார். பாதிப்பை காலியாகும்வரை இயந்திரத்தில் கொட்டுகிறார். சிவந்து விழும் மாவைக் கட்டிக் கார்க்காரரின் கையிலேயே கொடுக்கிறார்.

"உங்கடை சாமான் அண்ணை. கொண்டுபோய் மோதகம் அவியுங்கோ."